நிலவறைக்குப் போக மறுத்த கண் மருத்துவர்

பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதம். அந்த மாதம் வந்தால் நம் தோழர்களின் முகநூல் பக்கங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு படம் தவறாமல் சுற்றும். வெள்ளை மேலங்கி அணிந்த ஒரு கறுப்பினப் பெண். கீழே, கண்புரை அறுவை சிகிச்சையைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு வரி. அவர் பெயர் பேட்ரிசியா பாத். பகிர்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் பகிர்கிறார்கள். ஆனால் அந்த வரி உண்மையில்லை. அதைவிட மோசம், அவர் செய்த பெரிய காரியத்தை அந்த வரி மறைத்துவிடுகிறது.

கண்புரைக்கு மருத்துவம் பார்ப்பது மிகப் பழைய தொழில். சுஸ்ருதர் பெயரில் வழங்கும் நூலிலேயே ஊசியால் புரையைப் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிவிடும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஜாக் தாவியேல் புரையை வெளியிலேயே எடுத்துக் காட்டினார். 1967இல் சார்லஸ் கெல்மன் ஒலியலையால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பாத் 1980களில் அதே வேலையை லேசரால் செய்ய ஒரு கருவியை உருவாக்கினார். பெரிய சாதனைதான், மறுப்பில்லை. ஆனால் அதற்குப் பன்னிரண்டு, பதிமூன்று ஆண்டுகளுக்கு முன்பே, கையில் எந்தக் கருவியும் இல்லாத பயிற்சி மருத்துவராக இருந்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். மருத்துவமும் செவிலியமும் ஆப்டோமெட்ரியும் படித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

அதற்கு முன் இன்னொருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாத் போன பாதையில் அவருக்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் நடந்தவர் அவர்.

டேவிட் மெக்டொனா லூசியானாவில் அடிமையாகப் பிறந்தவர். மெக்டொனா என்பது அவருடைய குடும்பப் பெயரில்லை; அவரைச் சொத்தாக வைத்திருந்த தோட்ட முதலாளி ஜான் மெக்டொனாவின் பெயர். அந்த முதலாளிக்கு ஒரு திட்டம் இருந்தது. அடிமைகளில் சிலரைப் படிக்க வைத்து, விடுதலை கொடுத்து, ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு மதப் பணிக்கு அனுப்புவது. அந்தத் திட்டத்தின்படி 1838இல் டேவிட் பென்சில்வேனியாவின் லாஃபயெட் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். கல்லூரியில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் வெள்ளை மாணவர்களோடு சேர்ந்து வாழவும் உண்ணவும் விடவில்லை. தனித்தட்டு, தனியிடம். இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

டேவிட் 1844இல் பட்டம் வாங்கினார். லைபீரியாவுக்குப் போக மாட்டேன், மருத்துவனாவேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். அடிமையாகப் பிறந்த ஒருவர் தன் எதிர்காலம் பற்றித் தன்னை வைத்திருந்தவரிடம் 'மாட்டேன்' என்று சொன்னது சாதாரண விஷயமா? நியூயார்க்கில் மருத்துவக் கல்லூரி வகுப்புகளில் உட்கார்ந்து கேட்க அவருக்கு அனுமதி கிடைத்தது. பாடம் முழுக்கப் படித்தார். பட்டம் மட்டும் தரவில்லை. நியூயார்க் கண் மருத்துவமனையை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் கியர்னி ராட்ஜர்ஸ் என்ற வெள்ளை மருத்துவர் அவருக்குத் துணை நின்றார். அந்த மருத்துவமனையிலேயே டேவிட் கண், காது மருத்துவராகப் பல ஆண்டுகள் வேலை செய்தார். நன்றியாக ராட்ஜர்சின் கியர்னி என்ற பெயரைத் தன் பெயருக்கு நடுவே சேர்த்துக்கொண்டார். 1893இல் இறந்தார். 1898இல் நியூயார்க்கில் எந்த நிறத்தவரையும் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனை ஒன்று அவர் பெயரில் திறக்கப்பட்டது. அவருக்கு மறுத்த பட்டத்தைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2018இல்தான் வழங்கியது. செத்து 125 ஆண்டுகள் கழித்து.

இது ஒரு தனி மனிதனுக்கு நேர்ந்த அநீதி என்று விட்டுவிட முடியாது. கறுப்பின மக்களுக்கு மருத்துவர்கள் உருவாவதைத் தடுக்கும் ஏற்பாடு ஒரு கொள்கையாகவே இருந்தது. 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். இன்றும் மருத்துவக் கல்வி வரலாற்றில் அந்த அறிக்கைக்கு மரியாதை உண்டு. தரம் இல்லாத கல்லூரிகளை மூட வழி செய்தது என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அன்று கறுப்பினத்தவருக்கென இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் இரண்டு மட்டும் இருந்தால் போதும் என்றும் அது சொன்னது. வாஷிங்டனின் ஹோவார்ட், நாஷ்வில்லின் மெஹாரி. மற்ற ஐந்தும் அடுத்த சில ஆண்டுகளில் மூடப்பட்டன. அந்த அறிக்கையில் கறுப்பின மருத்துவர்களுக்கென எழுதப்பட்ட பகுதியைப் படித்தால் 'தரம்' என்ற சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியும். அவர்களுடைய வேலை சுகாதாரம் கற்பிப்பது. கறுப்பர்களிடமிருந்து நோய் வெள்ளையரைத் தொற்றிவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மூடப்பட்ட அந்த ஐந்து கல்லூரிகளும் இயங்கியிருந்தால் இன்றுவரை சுமார் 35,000 மருத்துவர்கள் கூடுதலாக உருவாகியிருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஏட்டுக் கல்வி முடித்தாலும் பயிற்சி மருத்துவமனை வேண்டும். பல ஊர்களில் மருத்துவர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால்தான் மருத்துவமனையில் நோயாளியைச் சேர்க்க முடியும். உள்ளூர்ச் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்காது. தேசிய அளவிலான அமெரிக்க மருத்துவர் சங்கம் அதைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் 1895இலேயே கறுப்பின மருத்துவர்கள் தங்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அமெரிக்க மருத்துவர் சங்கம் இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டது 2008இல்.

இப்போது ஹார்லெமுக்கு வருவோம்.

நியூயார்க் நகரத்தின் வடக்கே இருக்கும் ஹார்லெம், தெற்கு மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேறிய பகுதி. அதற்குப் பக்கத்து மேட்டில்தான் கொலம்பியா பல்கலைக்கழகம். ஆம், 1913 முதல் 1916 வரை பாபாசாகேப் அம்பேத்கர் படித்த அதே கொலம்பியா. மேட்டில் பல்கலைக்கழகம், பள்ளத்தில் ஹார்லெம். ஹார்லெம் மருத்துவமனையில் 1919 வரை ஒரு கறுப்பின மருத்துவர்கூட இல்லை. அந்த ஆண்டில் லூயிஸ் ரைட் நியமிக்கப்பட்டபோது வெள்ளை மருத்துவர்கள் சிலர் வேலையை விட்டே போனார்கள். 1958இல் மார்ட்டின் லூதர் கிங்கை ஒரு பெண் கடிதம் பிரிக்கும் கத்தியால் மார்பில் குத்தியபோது அவர் உயிரைக் காப்பாற்றியது இதே மருத்துவமனைதான்.

இந்த ஹார்லெமில் 1942 நவம்பர் 4 அன்று பேட்ரிசியா பாத் பிறந்தார். அப்பா ரூப்பர்ட் டிரினிடாடிலிருந்து வந்தவர், நியூயார்க் சுரங்க ரயிலில் ஓட்டுநர். அம்மா கிளாடிஸ் அடிமைகளின் வழித்தோன்றல், வீட்டு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தவர். அந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கு வேதியியல் பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார் அம்மா. வீட்டு வேலை செய்கிற அம்மாக்கள் எதை மிச்சம் பிடித்து எதை வாங்கித் தருவார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். பள்ளியில் படிக்கும்போதே, பதினாறு வயதில், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் உதவியோடு ஒரு கோடைக்காலம் புற்றுநோய் ஆய்வில் வேலை செய்தார். 1964இல் ஹன்டர் கல்லூரியில் வேதியியல் பட்டம். பிறகு ஹோவார்ட் மருத்துவக் கல்லூரி, அதாவது ஃபிளெக்ஸ்னர் மிச்சம் வைத்த இரண்டில் ஒன்று. பாடம் நடத்துகிற பேராசிரியர்களும் கறுப்பினத்தவராக இருக்கும் ஓர் இடத்தில் படித்தது தனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பாத் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தன்னைப் போன்ற ஒருவர் கரும்பலகைக்கு முன்னால் நிற்பதைப் பார்க்காமலேயே பட்டம் முடிக்கும் மாணவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்!

அவர் மருத்துவம் முடித்த ஆண்டு 1968. ஏப்ரலில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். கிங் திட்டமிட்டிருந்த ஏழைகள் இயக்கம் நிற்கவில்லை. மே மாதம் வாஷிங்டனின் மையத்தில் ஆயிரக்கணக்கான ஏழைகள் கூடாரமடித்து உட்கார்ந்தார்கள். மறுவாழ்வு நகரம் என்று அதற்குப் பெயர். மழையும் சேறுமாக அந்த முகாம் ஆறு வாரம் நீடித்தது, பிறகு காவல்துறை வந்து கலைத்தது. அந்த முகாமில் மருத்துவ உதவி செய்ய ஹோவார்ட் மாணவர்களைத் திரட்டிக்கொண்டு போனவர்களில் பாத்தும் ஒருவர். படிக்கும்போது போராட்டம் எதற்கு, படிப்பை முடி, பிறகு சமூகத்தைப் பார் என்று நம் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிறவர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்கலாம்.

அதன் பிறகு பயிற்சி மருத்துவராக அவர் போய்ச் சேர்ந்தது பிறந்த மண்ணான ஹார்லெம் மருத்துவமனைக்கு. அடுத்து கொலம்பியாவில் கண் மருத்துவப் பயிற்சி. ஹார்லெம் மருத்துவமனை கொலம்பியாவோடு இணைக்கப்பட்டிருந்ததால் இரண்டு இடத்திலும் நோயாளிகளைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவே தூரம் அதிகமில்லை. ஒரே நகரம், ஒரே பாடப்புத்தகம், ஒரே பேராசிரியர்கள். ஆனால் ஹார்லெமின் கண் பிரிவில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பார்வையை இழந்தவர்கள் அல்லது இழந்துகொண்டிருந்தவர்கள். கொலம்பியாவின் கண் பிரிவில் அப்படிப்பட்டவர்களைத் தேடத்தான் வேண்டும்.

ஏன்? இந்த ஒற்றைச் சொல்தான் அவர் கேட்ட கேள்வி.

இது பெரிய கண்டுபிடிப்பா என்று தோன்றலாம். அந்த இரு மருத்துவமனைகளிலும் அவருக்கு முன்பும் எத்தனையோ மருத்துவர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களும் அதே வரிசையைப் பார்த்தவர்கள்தான். அந்த மக்கள் அப்படித்தான் என்று அவர்கள் கடந்துபோனார்கள். அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று பார்க்கும் ஒருத்தி மருத்துவராக வந்த பிறகுதான் அது கேள்வியானது. மருத்துவ இடங்களில் பிரதிநிதித்துவம் எதற்கு, நோய்க்குச் சாதி உண்டா என்று கேட்பவர்களிடம் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பாத் உணர்ச்சிவசப்பட்டு அறிக்கை விடவில்லை. எண்ணத் தொடங்கினார். பதிவேடுகளை எடுத்து, யாருக்கு எந்த நோயால் பார்வை போனது என்று கணக்கெடுத்தார். கறுப்பினத்தவரிடையே பார்வையிழப்பு வெள்ளையரைவிட இரண்டு மடங்கு. கிளாக்கோமா எனும் கண் நீர் அழுத்த நோயால் பார்வை இழப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் எட்டு மடங்கு.

இந்த எட்டு மடங்கைப் புரிந்துகொள்ள நோயைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை கலங்கிப்போவது. பார்வை மங்கும், ஆனால் அறுவை செய்தால் திரும்பிவிடும். கிளாக்கோமா அப்படியில்லை. பெரும்பாலும் கண்ணின் உள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. வலி இருக்காது. முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. நேர்ப் பார்வை கடைசிவரை தெளிவாக இருப்பதால் நோயாளிக்கு எதுவும் தெரியாது. தெரியவரும்போது பெரும்பகுதி போயிருக்கும். போனது போனதுதான், எந்த அறுவையும் மீட்டுத் தராது. ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, நாள் தவறாமல் சொட்டு மருந்து விட்டால் மிச்சமிருப்பதைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதாவது, ஒன்றும் இல்லாதபோதே ஆண்டுக்கொரு முறை கண்ணைக் காட்டிவிட்டு வரும் வசதி உள்ளவர்களுக்குப் பார்வை மிஞ்சும். வலித்தால் மட்டும், அதுவும் கூலி போனாலும் பரவாயில்லை என்ற நிலை வந்தால் மட்டும், மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்குப் பார்வை போகும்.

இங்கே ஒரு சிக்கலான விஷயம் இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு கிளாக்கோமா அதிகமாக, இளைய வயதிலேயே வருகிறது என்பது உண்மை. 1991இல் வெளியான பால்டிமோர் கண் ஆய்வு, வீடு வீடாக ஆட்களைத் தேர்ந்து பரிசோதித்து, கறுப்பினத்தவரிடையே இந்த நோய் நான்கு முதல் ஐந்து மடங்கு அதிகம் என்று கண்டது. அப்படியானால் இது உடம்பின் குற்றம், சமூகத்தின் குற்றமில்லை என்று சொல்லிவிடலாமா? சிலர் அப்படித்தான் சொன்னார்கள், சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு மக்கள் கூட்டத்துக்கு ஒரு நோய் அதிகம் வரும் என்று தெரிந்தால், பரிசோதனை அவர்களுக்குத்தானே முதலில் போக வேண்டும்? ஹார்லெமில் நடந்தது நேர் எதிர். யாருக்கு அதிகம் வருமோ அவர்களுக்குப் பரிசோதனையே இல்லை. நோய் வருவதற்கு உடம்பு காரணமாக இருக்கலாம். நோய் குருட்டில் முடிவதற்கு உடம்பு காரணமில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் தோழர்களே. நம் மக்களின் ரத்தசோகையைப் பற்றியும் காசநோயைப் பற்றியும் 'அவங்க பழக்கவழக்கம்' என்று வகுப்பில் யாராவது சொல்லும்போது இது உதவும்.

இன்னொன்று அவர் கவனித்தார். ஹார்லெம் மருத்துவமனையில் கண் அறுவை சிகிச்சை செய்யப்படுவதே இல்லை. புரை முற்றிப் பார்வை போனவர்கள், ஒரு சிறு அறுவையால் மறுபடியும் பார்க்கக்கூடியவர்கள், குருடர்களாகவே உட்கார்ந்திருந்தார்கள். மேட்டில் இருந்த தன் கொலம்பியா பேராசிரியர்களிடம் போய் நின்றார் அந்த இளம் மருத்துவர். வாருங்கள், ஹார்லெமில் வந்து காசு வாங்காமல் அறுவை செய்யுங்கள், நான் உதவிக்கு நிற்கிறேன் என்று கேட்டார். வந்தார்கள். 1970இல் அந்த மருத்துவமனையில் முதல் பெரிய கண் அறுவை நடந்தது. கெஞ்சலோ மிரட்டலோ தேவைப்படவில்லை; கணக்கைக் காட்டி, ஆளைக் காட்டி, நேரடியாகக் கேட்டார். அந்தப் பேராசிரியர்கள் கெட்டவர்களாக இருந்ததால் அதுவரை ஹார்லெம் வராமல் இல்லை. கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை.

1970 முதல் 1973 வரை நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கண் மருத்துவ மேற்பயிற்சி. அங்கே அந்தப் பயிற்சியை முடித்த முதல் கறுப்பினத்தவர் பாத் என்று எல்லா வாழ்க்கைக் குறிப்புகளும் பெருமையோடு எழுதுகின்றன. இந்த 'முதல்' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. 1973வரை அந்தக் கதவு யாருக்கும் திறக்கவில்லை என்பதை, திறந்துகொண்டு போனவருக்குச் சூட்டும் மாலையாக மாற்றிவிடுகிறார்கள். அந்தப் பயிற்சிக் காலத்தில்தான் அவருக்கு மகள் பிறந்தாள். கைக்குழந்தையோடு பயிற்சியை முடித்து, கருவிழி மாற்று அறுவையிலும் செயற்கைக் கருவிழி பொருத்துவதிலும் மேலும் ஓராண்டு பயிற்சி பெற்றார்.

1974இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். இரண்டு இடங்களில் வேலை. ஒன்று, பெயர்பெற்ற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகம். இன்னொன்று சார்லஸ் ட்ரூ மருத்துவப் பள்ளி. இந்த இரண்டாவதின் பிறப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்சின் வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்கள் கொந்தளித்தெழுந்தார்கள். 34 பேர் இறந்தார்கள். காரணம் தேடியபோது, அந்தப் பகுதி மக்கள் உடம்பு சரியில்லையென்றால் போக அருகில் ஒரு நல்ல மருத்துவமனைகூட இல்லை என்பதும் வெளிவந்தது. அதன் விளைவாக 1966இல் ட்ரூ பள்ளி, 1972இல் கிங் பெயரில் ஒரு மருத்துவமனை. கருணையால் வந்தவையில்லை இவை. தெரு எரிந்த பிறகு வந்தவை.

பல்கலைக்கழக வளாகத்தின் புகழ்பெற்ற ஜூல்ஸ் ஸ்டைன் கண் நிலையத்தில் 1975இல் பாத் ஆசிரியரானார். கண் மருத்துவத் துறையில் அங்கே முதல் பெண் ஆசிரியர். அவருக்கென ஒதுக்கப்பட்ட அறை நிலவறையில், ஆய்வக விலங்குகளை வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில். அந்த அறை வேண்டாம் என்றார். இது இனவெறி என்றோ ஆணாதிக்கம் என்றோ அவர் வாதாடவில்லை. இது பொருத்தமான அறையில்லை, வேறு கொடுங்கள் என்று மட்டும் சொல்லி, வேறு அறை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார். இப்படிப்பட்ட நேரத்தில் கூட்டத்தைக் கூட்டிக் குரல் கொடுப்பதா, அமைதியாக மறுப்பதா என்பதில் நமக்குள் எப்போதும் வாதம் உண்டு. எனக்கு இரண்டுமே சரி. ஆனால் அந்த அறையில் போய் உட்கார்ந்துவிட்டுப் பிறகு புலம்புவது மட்டும் சரிவராது.

அவர் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக மருத்துவக் கல்லூரி மீது ஒரு வழக்கு நடந்தது. 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மை மாணவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் தனக்கு இடம் கிடைக்காததற்கு அந்த 16 இடங்கள்தான் காரணம் என்று வழக்குப் போட்டார். 84 இடங்கள் அவர் கண்ணில் படவில்லை. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இடங்களை ஒதுக்கி வைப்பது செல்லாது என்றது. இனத்தையும் ஓர் அம்சமாகக் கருதலாம் என்று மட்டும் விட்டுவைத்தது. அதையும் 2023இல் பறித்துக்கொண்டார்கள்.

நமக்குச் செண்பகம் துரைராஜன் நினைவுக்கு வர வேண்டும். 1951. அதுவும் மருத்துவக் கல்லூரி இடம்தான். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணைப்படி ஒவ்வொரு 14 இடத்திலும் தாழ்த்தப்பட்டோருக்கு 2, பார்ப்பனருக்கும் 2. மக்கள்தொகையில் இந்த இரு பிரிவினரும் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. வழக்குப் போட்ட செண்பகம் அந்த இடத்துக்கு விண்ணப்பம்கூடப் போடவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஆணை செல்லாது என்றது நீதிமன்றம். தமிழகம் கொதித்தது, அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது, 15(4) வந்தது. பாக்கி வழக்குக்குப் பிறகு அமெரிக்காவில் அப்படியொரு திருத்தம் வரவில்லை. இரு நாட்டிலும் வழக்கு மருத்துவ இடத்தைச் சுற்றியே வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி சாதிக்கும் நிறத்துக்கும் மிக அருகில் இருக்கிற கேள்வி.

ஹார்லெமில் எண்ணியதை வைத்து பாத் ஒரு புதிய துறையையே முன்வைத்தார். சமுதாயக் கண் மருத்துவம். 1979இல் கறுப்பின மருத்துவர் சங்கத்தின் இதழில் இதற்கான நியாயத்தை விளக்கி எழுதினார். எண்ணி வந்த இரண்டு மடங்கும் எட்டு மடங்கும் அந்த வாதத்தின் அடித்தளம். மருத்துவமனையில் உட்கார்ந்து நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் முதியோர் இல்லங்களுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் போக வேண்டும். கண் அழுத்தமும் புரையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி வேண்டிய பிள்ளைக்கு அது பள்ளியில் பின்தங்குவதற்கு முன்பே கண்ணாடி கொடுக்க வேண்டும். பொது சுகாதாரத்தையும் கண் மருத்துவத்தையும் கலந்த வேலை இது. மனநல மருத்துவர் ஒருவரையும் குழந்தை மருத்துவர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, பார்வையிழப்பைத் தடுப்பதற்கான அமெரிக்க நிலையம் என்ற அமைப்பையும் 1970களின் பிற்பகுதியில் தொடங்கினார். பார்வை மனித உரிமை என்பதுதான் அதன் அடிப்படைக் கொள்கை.

இப்படிப்பட்ட வேலையில் பாதிக்கு மேல் அறுவை நிபுணர் தேவையில்லை. கண்ணைப் பரிசோதித்து, கண்ணாடிக்கு எழுதி, ஆபத்தானதை முன்கூட்டியே கண்டு அனுப்பிவைக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் தேவை. அமெரிக்காவில் அந்தப் படிப்பும் நீண்ட காலம் வெள்ளையர் கையில்தான் இருந்தது. 1969இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில், கிளேட்டன் பவல், ஜான் ஹவ்லெட் என்ற கறுப்பின ஆப்டோமெட்ரிஸ்ட்கள் தேசிய ஆப்டோமெட்ரிக் சங்கத்தைத் தொடங்கினார்கள். கறுப்பின மாணவர்களைத் தேடிப் பிடித்து அந்தப் படிப்பில் சேர்ப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்றாக இருந்தது. நம் பிள்ளைகளில் பலர் எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காமல் ஆப்டோமெட்ரிக்குப் போகிறார்கள். வீட்டில் அதைக் கொஞ்சம் குறையாகவே பேசுகிறார்கள். கிளாக்கோமாவை முதலில் பார்க்கப்போகிற கண் பெரும்பாலும் அவர்களுடையதுதான் என்பதை வீட்டில் சொல்லுங்கள். முகாமுக்குப் போகிறவர்கள் ஊர்த் தெருவில் பந்தல் போட்டிருக்கிறார்களா, சேரிக்குள்ளும் போகிறார்களா என்று பாருங்கள். புரை முற்றி வெள்ளையான பிறகு வருகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பாத் தொடங்கியது அங்கேதான்.

கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1981இல் யோசனை வந்தது. தேவையான லேசர் அமெரிக்காவில் கிடைக்காததால் பெர்லினுக்குப் போய் வேலை செய்தார். 1986இல் கருவி முழுமை பெற்றது. 1988 மே 17 அன்று காப்புரிமை கிடைத்தது, எண் 4,744,360. மருத்துவப் பயன்பாட்டுக்காகக் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண் மருத்துவர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். இன்றும் உலகெங்கும் பெரும்பாலான நவீன கண்புரை அறுவைகள் கெல்மனின் ஒலியலை முறையிலேயே நடக்கின்றன. லேசர் அதன் இடத்தைப் பிடித்துவிடவில்லை. இதைச் சொல்வதால் பாத்தின் மதிப்பு குறையாது. வட ஆப்பிரிக்காவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்வையற்றிருந்த ஒரு பெண்ணுக்குச் செயற்கைக் கருவிழி பொருத்திப் பார்வை கொடுத்ததைத்தான் அவர் தன் வாழ்க்கையின் உச்சமாக நினைத்தார், காப்புரிமையை இல்லை. 1983இல் ட்ரூ பள்ளியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய கண் மருத்துவ மேற்பயிற்சித் திட்டத்துக்குத் தலைவரானார். அமெரிக்காவில் அப்படியொரு திட்டத்துக்குப் பெண் ஒருவர் தலைமை ஏற்றது அதுதான் முதல் தடவை. கறுப்பின மாணவர்கள் கண் மருத்துவராகும் பாதையில் அதுவரை உட்கார்ந்திருந்தவர்களின் நாற்காலி அது.

1993இல் ஓய்வு பெற்ற பிறகு, தொலைதூர மக்களுக்குத் தொலைத்தொடர்பு வழியாக மருத்துவம் கொண்டுசேர்ப்பது பற்றிப் பேசியும் எழுதியும் வந்தார். 2019 மே 30 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். 2022இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவரோடு சேர்த்து மேரியன் குரோக் என்ற பொறியாளரும். அந்த மன்றத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண்கள் இவர்கள் இருவரும்தான். மன்றம் தொடங்கப்பட்டது 1973இல், பாத் நியூயார்க்கில் மேற்பயிற்சியை முடித்த அதே ஆண்டில்.